மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
‘நியூட்டன்’ படத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

குமாஸ்தாவைப் பார்த்துச் சிரிப்பது சினிமாவுக்குப் பழகிப்போன விஷயம். 1952-ல் அகிரா குரோசவா எடுத்த ‘இகிரு’வில் டோக்கியோ நகர அலுவலகத்தின் பிரிவுத் தலைவர் ஒருவர் முப்பது வருஷமாகக் காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். சாக்கடைக் குட்டையைத் தூர்த்துப் பிள்ளைகள் விளையாட இடம் கொடுங்கள் என்று மனுவோடு வருகிற பெண்களை அந்த அலுவலகம் பிரிவு பிரிவாக அலையவிடுகிறது. தனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் அந்த மனிதருக்கு உயிரே வருகிறது. 1966-ல் கியூபாவில் தோமாஸ் குத்தியேரெஸ் அலேயா எடுத்த ‘ஒரு அதிகாரியின் மரணம்’ இன்னும் கறுப்பான கிண்டல். செத்துப்போன தொழிலாளியோடு அவருடைய தொழிலாளர் அட்டையையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள். அட்டை இல்லாமல் விதவைக்குப் பென்ஷன் கிடையாது. அட்டையை எடுக்கப் பிணத்தைத் தோண்டினால், திரும்பப் புதைக்க விதி இல்லை. ஏனென்றால் பதிவேட்டின்படி அவர் ஏற்கனவே புதைக்கப்பட்டவர். 1974-ல் மிருணாள் சென்னின் ‘கோரஸ்’ நூறு வேலைக்கு முப்பதாயிரம் பேர் விண்ணப்பிக்கிற கல்கத்தாவைக் காட்டியது.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அடியோட்டமாக ஓடுவது அந்நியமாதல். தான் செய்கிற வேலைக்கும் தனக்கும் சம்பந்தம் அற்றுப்போகிற நிலை. 1844-ல் மார்க்ஸ் எழுதிய குறிப்புகளில் இதைப் பற்றிப் படித்திருப்போம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பட்டு நெய்கிறவன் பெண்டாட்டி பட்டு கட்டுவதில்லை. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ (2008) அதைத்தான் சொன்னது. மகளுக்கு ஒரு பட்டுப்புடவை நெய்வதற்காக முதலாளியின் பட்டு இழைகளை வாயில் அடக்கித் திருடிக்கொண்டு வருகிற நெசவாளியின் கதை அது. ஆனால் தறிக்குழியில் இருக்கிற அந்நியமாதல் வேறு, மேசைக்குப் பின்னால் இருக்கிற அந்நியமாதல் வேறு. நெசவாளிக்குத் தன் கையிலிருந்து எது பறிபோகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். குமாஸ்தாவுக்கு அது தெரியாது. தான் எழுதுகிற குறிப்பு எந்த ஊரில் யார் வயிற்றில் போய் விழுகிறது என்று அவன் பார்ப்பதில்லை.

தமிழ் சினிமாவிலும் குமாஸ்தா உண்டு. பாலசந்தரின் படங்களிலே நிறைய உண்டு. ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) கவிதா ஆபீஸ் போய்க் குடும்பத்தைச் சுமக்கிறாள். ‘தில்லுமுல்லு’ (1981) இளைஞன் மீசையை வைத்து முதலாளியை ஏமாற்றுகிறான். சம்பளம் பற்றாது, வாடகை பாக்கி, தங்கை கல்யாணம், மேனேஜர் கெடுபிடி. இவையெல்லாம் நிஜமான கஷ்டங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபீசில் பைலைத் தள்ளி நின்று வாங்குகிற ஒருவரும் இல்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தயங்கி நிற்கிற ஒருவரும் இல்லை. தமிழ் சினிமாவின் அலுவலகத்துக்குள் நம் ஆள் நுழையவே இல்லை. நுழைந்திருந்தால் கூட்டிப் பெருக்குகிறவராக, கேமரா ஒரு நொடி தாண்டிப்போகிற உருவமாக நுழைந்திருப்பார். நிஜமான அலுவலகங்களில் அரை நூற்றாண்டாக நாம் உட்கார்ந்திருக்கும்போது திரையில் ஏன் இல்லை?

2

2017-ல் வந்த ‘நியூட்டன்’ இந்திப் படம். அமித் மசூர்கர் இயக்கியது. பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது. சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் அதன் நாயகன். நூதன் குமார் என்று வீட்டில் வைத்த பெயரை நியூட்டன் குமார் என்று தானே மாற்றிக்கொண்டவன். தேர்தல் பணிக்காகச் சத்தீஸ்கர் தண்டகாரண்யக் காட்டுக்குள் அனுப்பப்படுகிறான். அங்கே இருப்பது 76 வாக்காளர்கள். துணை ராணுவப் படை அதிகாரி ஆத்மா சிங்குக்குத் தேர்தலும் வேண்டாம், தொல்லையும் வேண்டாம். நியூட்டனுக்கோ விதிப்படி நடக்க வேண்டும். எரிந்துபோன பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. யாரும் வரவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் வருகிறார் என்று தெரிந்ததும் படை ஊருக்குள் போய் ஆதிவாசிகளை ஓட்டிக்கொண்டு வருகிறது. எதற்கு வந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இது பொம்மை, எந்தப் பட்டனை வேண்டுமானாலும் அமுக்குங்கள் என்கிறான் அதிகாரி. கடைசியில் இந்தக் குமாஸ்தா துப்பாக்கியைப் பிடுங்கிப் படையையே நிறுத்திவைத்து விதிப்படியான நேரம் முடிகிறவரை தேர்தல் நடத்துகிறான். அடி வாங்குகிறான். ஆறு மாதம் கழித்துக் கழுத்துப்பட்டையோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அங்கே காட்டில் பழகிய ஆதிவாசிப் பெண் மல்கோ பார்க்க வருகிறாள். மதிய இடைவேளைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, காத்திரு என்கிறான்.

திரையரங்கில் இதற்குச் சிரித்தார்கள். பத்திரிகைகளில் எழுதிய பலரும் நேர்மைப் பைத்தியம் பிடித்த ஓர் இளைஞனின் வேடிக்கைக் கதையாகவே இதை வாசித்தார்கள். எங்கள் முசரவாக்கம் பக்கத்தில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பையன்கள் சிலரோடு உட்கார்ந்து நான் இந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். நியூட்டன் வீடு வருகிற காட்சியில் ஒருத்தன் நிறுத்தச் சொன்னான். “அண்ணா, செவுத்துல யாரு படம் மாட்டிக்கீறாங்க பாரு. நம்ம ஆளுண்ணா இவன்!” சுவரில் அம்பேத்கர். படம் அவன் சாதியை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் படம் ஒன்று போதும். அதற்கப்புறம் பையன்கள் சிரித்த இடங்கள் மாறிப்போயின. பலர் சிரிக்கிற இடத்தில் இவர்கள் சிரிக்கவில்லை. “விதிப்படி செஞ்சாத்தான் நம்மள உடுவான்” என்றான் இன்னொருத்தன்.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத வரலாறு.

3

அரசாங்கக் காகிதத்தோடு நம் உறவு எழுத்தில் தொடங்கவில்லை. தோளில் தொடங்கியது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஊருக்கு ஒரு கர்ணம், ஒரு மணியக்காரர், ஒரு தலையாரி, ஒரு வெட்டியான். கர்ணம் கணக்கு எழுதுவார். அந்தக் கணக்குக் கட்டைத் தாலுகா கச்சேரிக்குச் சுமப்பவர் வெட்டியான். வசூலான பணப்பையையும் அவர்தான் சுமப்பார். ஜமாபந்தி நாளில் ஊர்க் கணக்கு முழுவதும் ஒரு பறையர் தலைமேல் கச்சேரிக்குப் போனது. அதற்குள் அவர் பெயரில் ஒரு குழி நிலம்கூட இல்லை என்பதை அவரால் படித்துப் பார்க்க முடியாது. “கட்டைத் தூக்கினவன் நம்ம தாத்தன், கட்டை அவுத்தவன் அவன்” என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லுவார். இந்திய அலுவலகத்தைப் பற்றி இதைவிடக் கறுப்பான கிண்டலை எந்தப் படமும் எடுக்கவில்லை.

அந்தக் கட்டுக்குள் என்ன இருந்தது என்று வெளியே வந்தது 1891-ல். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகளும் அப்போது இதைப் பற்றிக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடக்கிற தரிசை ஒரு பறையர் தர்க்காஸ்து போட்டுக் கேட்டால், மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை என்று சொல்லி மனு தள்ளுபடியாகும். மிராசுதார் உழவும் மாட்டார், விடவும் மாட்டார். நிலம் கிடைத்துவிட்டால் கூலிக்கு ஆள் கிடைக்காது, அதுதான் காரணம். மனு போட்டவனை மனைக்கட்டிலிருந்து விரட்டலாம், ஏனென்றால் குடிசை போட்ட மண்ணும் மிராசுதாருடையது. இதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணைகள் 1010, 1010-ஏ வந்தன. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதிலிருந்து பிறந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர் அல்லாதாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலம்.

இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் நீலகிரியில் ஓர் ஆங்கிலேய வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். அதாவது அலுவலகத்தை உள்ளிருந்து பார்த்தவர். 1893-ல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, கூடாது என்று 3412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனுவை லண்டனுக்கு அனுப்பினார். தேசத் துரோகம் என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள்? ஏற்கனவே கச்சேரியில் உட்கார்ந்திருக்கிற அதே சாதிகள்தானே? வெள்ளைக்காரன் எழுந்த நாற்காலியில் மிராசுதாரின் மகன் உட்கார்ந்தால் எங்கள் தர்க்காஸ்து என்ன ஆகும்?

அந்த நாற்காலியை நோக்கி நாம் நடந்த தூரத்தைத் தேதிகளாகச் சொல்லிவிடலாம். 1927-ன் வகுப்புரிமை ஆணையில் பன்னிரண்டு இடத்துக்கு ஒரு இடம். 1943-ல் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சியால் மத்திய அரசுப் பணிகளில் 8.33 சதவீதம். தமிழ்நாட்டில் 1971-ல் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் சேர்த்து 18 சதவீதம், 1990-ல் பழங்குடிக்குத் தனியாக ஒரு சதவீதம், 2009-ல் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடாக 3 சதவீதம். இவற்றுக்கு நடுவில் அதிகம் பேசப்படாத ஒரு தேதி இருக்கிறது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. வழக்குப் போட்டார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் ஒழித்தது செல்லும் என்றது. தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கட்டைச் சுமந்தவரின் பேரன் கட்டை அவிழ்க்கிற இடத்துக்கு வந்தது இப்படித்தான். காஞ்சிபுரம் நகராட்சியில் சில காலம் குமாஸ்தாவாக இருந்த அண்ணா முதலமைச்சர் ஆனதை நம் ஊரில் பெருமையாகச் சொல்லுவார்கள், சொல்ல வேண்டியதுதான். சேரிப் பையன் வி.ஏ.ஓ. ஆனதும் அதற்குக் குறைந்த வரலாறு இல்லை.

4

நாற்காலி கிடைத்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது?

இந்தியாவின் முதல் அந்நியமான அலுவலகப் பணியாளர் என்று நான் யாரையாவது சொல்வதானால் அம்பேத்கரைத்தான் சொல்வேன். 1917-ல் கொலம்பியா, லண்டன் படிப்புக்குப் பிறகு பரோடா அரசின் வேலையில் சேர்ந்தார். பியூன்கள் பைலை அவர் மேசையில் வைக்காமல் தள்ளி நின்று வீசினார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து விரட்டினார்கள். பூங்காவில் உட்கார்ந்து அழுதார். வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார். காஃப்காவின் நாயகனுக்குத் தன் குற்றம் என்னவென்று கடைசிவரை தெரியாது. அம்பேத்கருக்குத் தெரியும். அந்த வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். மேல்சாதிக் குமாஸ்தாவின் அந்நியமாதலும் நம்முடைய அந்நியமாதலும் பிரிகிற இடம் இதுதான். அவன் மனிதன் என்ற அடையாளத்தை இழந்து வெறும் எண்ணாகிவிட்டேன் என்று புலம்புகிறான். நாம் எண்ணாக இருக்கக்கூட விடப்படவில்லை. எண்ணுக்குச் சாதி கிடையாதே!

இப்போது யாரும் பைலை வீசுவதில்லை. முறைகள் மாறிவிட்டன. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவரிடம் முதல் நாள் கேட்கிற கேள்வி “எந்த ஊர்?” என்பது. காஞ்சிபுரம் பக்கம் என்றால் “ஊர்லயா, வெளியிலயா?” என்று அடுத்த கேள்வி. அதற்கப்புறம் டீ வாங்கப் போகிற பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது, யாரும் உங்களோடு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கமாட்டார்கள். கேட்டால் “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே, சார்” என்பார்கள். தாமதமாக வந்தால் மற்றவருக்கு வாய்மொழி எச்சரிக்கை, நமக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. பைல் தேங்கினால் மற்றவருக்கு வேலைப்பளு, நமக்கு 17-பி. திறமையாக எழுதினால் “யாரு எழுதிக் கொடுத்தது?” தப்பாக எழுதினால் “கோட்டா”.

இதை அனுபவித்தவருக்குத்தான் நியூட்டன் ஏன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்பது புரியும். விதியை வளைக்கச் சாதிபலம் வேண்டும். ஒரு போன் போட்டால் “நம்ம பையன், பாத்துக்கோங்க” என்று சொல்ல மேலே ஆள் வேண்டும். மச்சான், மாமன், சங்கத் தலைவர், கோயில் தர்மகர்த்தா என்று ஒரு வலை வேண்டும். அந்த வலை இல்லாதவனுக்கு விதிப்புத்தகம் ஒன்றுதான் கூரை. அரசியல் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைவர் யார் என்பது அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆகவே அவனுடைய நேரந்தவறாமை குணக்கோளாறு அல்ல, நேர்மைத் திமிரும் அல்ல. அது அவன் போட்டிருக்கிற கவசம். கடைசிக் காட்சியில் நேரந்தவறாமைக்குக் கிடைத்த சான்றிதழோடும் கழுத்துப்பட்டையோடும் அவன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டையும் கொடுத்தது ஒரே அரசு.

5

இதோடு நிறுத்தினால் நியூட்டனைக் கொண்டாடிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களையும் பார்க்க வேண்டும்.

நியூட்டன் யாரிடம் தேர்தலைக் கொண்டுபோகிறான்? ஆதிவாசிகளிடம். எப்படிக் கொண்டுபோகிறான்? துப்பாக்கிக் காவலோடு. அவர்கள் மொழி அவனுக்குத் தெரியாது. வேட்பாளர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. மல்கோவுக்கு இரண்டும் தெரியும். அவள் அந்த மண்ணின் பெண், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் அவளை நம்பிக் கேட்க வேண்டும் என்று இந்த நேர்மையாளனுக்குத் தாமதமாகத்தான் தோன்றுகிறது. அன்றைக்கு நம் தாத்தா கர்ணத்தின் கட்டைச் சுமந்தார். இன்றைக்கு நாம் அரசின் எந்திரத்தைச் சுமந்து இன்னொருவர் ஊருக்குள் போகிறோம். தலித் குமாஸ்தாவின் அந்நியமாதலில் இது இரண்டாவது அடுக்கு. ஆபீசில் அவன் ‘காலனி’. காலனியில் அவன் ‘ஆபீசு’. முதியோர் பென்ஷனுக்கு நிற்கிற கிழவி அவனுக்குப் பாட்டி முறை. “இன்னிக்கி சர்வர் இல்ல ஆயா, நாளைக்கி வா” என்று அவனும்தான் சொல்கிறான்.

1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது அம்பேத்கர் மனம் கசந்து சொன்னதை நாம் மறக்கக் கூடாது. படித்தவர்கள் சமூகத்துக்கு ஏதாவது செய்வார்கள் என்று நம்பினேன், தங்கள் வயிற்றை நிரப்பிக்கொள்கிற குமாஸ்தாக் கூட்டம்தான் உருவாகியிருக்கிறது என்ற பொருளில் பேசினார். இருநூறு வருஷம் தோளில் சுமந்தவன் இப்போதுதான் உட்கார்ந்தான், அதற்குள் வைகிறீர்களா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் வைதது உட்கார்ந்ததற்காக அல்ல. உட்கார்ந்த இடத்தில் தனியாகிப்போனதற்காக.

தனியாகிப்போனதன் விலை என்ன? 1010-க்குத் திரும்பி வருவோம். தமிழ்நாடு முழுக்கப் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் இருந்ததாக இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று பிறர் அனுபவத்தில் இருக்கிறது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். பதிவேட்டுத் திருத்தத்தில் ‘நிபந்தனை’ என்ற சொல் பல இடங்களில் காணாமற்போனது என்பது நில மீட்பு இயக்கத்தார் தொடர்ந்து எழுப்பும் குற்றச்சாட்டு. ஒரு சொல் காணாமற்போக ஒரு பேனா போதும், ஒரு மேசை போதும். நிபந்தனையைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது 1994 அக்டோபர் 10-ந் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். டிரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே ஜில்லா. ஆணை வந்து 102 வருஷம் கழித்து. அரசின் ஆணையை அரசே நிறைவேற்று என்று கேட்டவர்களுக்குக் குண்டு. நியூட்டனின் கழுத்துப்பட்டை இதற்கு முன்னால் சாதாரணம்.

6

‘நியூட்டன்’ போன்ற படங்களின் குறை என்னவென்றால், அவை குமாஸ்தாவைத் தனியாளாகவே பார்க்கின்றன. ‘இகிரு’விலும் அப்படித்தான். பூங்காவைக் கட்டிவிட்டு அவர் சாகிறார். இழவு வீட்டில் குடித்துவிட்டு, இனி நாமும் அவரைப்போல் உழைப்போம் என்று சபதம் செய்த சக ஊழியர்கள் மறுநாள் பழையபடி முத்திரை குத்துகிறார்கள். தனியாள் நேர்மை தனியாளோடு முடிகிறது. இந்தக் கிண்டல் கூர்மையானது, ஆனால் கசப்பில் போய் நின்றுவிடுகிறது.

வரலாறு அங்கே நிற்கவில்லை. 1960-களில் புனேயில் மத்திய அரசின் வெடிமருந்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் அம்பேத்கர் பிறந்த நாளுக்கும் புத்தர் பிறந்த நாளுக்கும் இருந்த விடுமுறையை ரத்து செய்தார்கள். எதிர்த்துக் கேட்டவர் தீனா பானா என்கிற கடைநிலை ஊழியர். அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அதே இடத்தில் வேலை பார்த்த கான்ஷிராம் அவர் பக்கம் நின்றார். விடுமுறையும் திரும்பி வந்தது, தீனா பானாவும் வேலைக்குத் திரும்பினார். கான்ஷிராம் பிறகு வேலையை விட்டார். 1978 டிசம்பர் 6-ல் பாம்செஃப் முறையாகத் தொடங்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை அரசு ஊழியர்களின் அமைப்பு. ஆக்ராவில் கேட்ட கேள்விக்குக் குமாஸ்தாக்கள் சொன்ன பதில் அது. பின்னால் அது போன பாதையைப் பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு. ஆனால் ஒரு கடைநிலை ஊழியரின் விடுமுறைக் கோரிக்கையிலிருந்து வட இந்திய அரசியலே மாறியது என்பதை மறுக்க முடியாது.

2021-ல் தமிழில் வந்த ‘ரைட்டர்’ இந்த இழையைப் பிடித்தது. ஃபிராங்க்ளின் ஜேக்கப் இயக்கம், பா. இரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் தங்கராஜ் ஓய்வு பெறப் போகிறவர். போலீசுக்குச் சங்கம் வேண்டும் என்று வழக்குப் போட்டு அலைகிறார். அவர் எழுதுகிற எழுத்தே ஓர் ஆராய்ச்சி மாணவனைப் பொய் வழக்கில் சிக்கவைக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் எழுதுகிற கை, அந்தப் பக்கம் கைவிலங்கு. இரண்டையும் ஒரே படத்தில் ஒரே அறையில் வைத்துப் பார்க்கத் தமிழ் சினிமாவுக்கு 2021 வரை ஆகியிருக்கிறது. அதையும் நம்மவர்கள்தான் எடுக்க வேண்டியிருந்தது.

படம் பார்த்த பையன்களில் இரண்டு பேர் பிறகு தேர்வில் தேறிவிட்டார்கள். அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டை, பழையதையும் புதியதையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த சர்வே எண்ணில் ‘நிபந்தனை’ என்ற சொல் இருந்தது, எந்த வருஷம் அது இல்லாமல் போனது என்று குறித்து வையுங்கள். விதிப்படியே செய்யுங்கள். நேரத்துக்கு வாருங்கள், நேரத்துக்குப் போங்கள். ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்து ஊர் வி.ஏ.ஓ. யார், தாலுகா ஆபீசில் நம் இளநிலை உதவியாளர் யார், பதிவறையில் யார் என்று தெரிந்து வைத்துக்கொண்டு நாலு பேராகச் செய்யுங்கள். ஒருவருக்குக் குறிப்பாணை வந்தால் நாலு பேரும் உட்கார்ந்து பதில் எழுதுங்கள். கட்டைச் சுமந்து கச்சேரிக்கு நடந்தவர் அதற்குள் என்ன இருந்தது என்று படிக்க முடியாமலே செத்துப்போனார். அதைப் படிக்கத்தான் நம்மை அனுப்பியிருக்கிறார்கள்.